அக்கா படித்தவை, ஒன்றையும் மறைக்காமல்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தங்கையின் வணக்கம். முதலில் சாப்பிட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இதைப் படித்தால் உங்களில் சிலருக்குப் பசி போய்விடும். அதற்கும் என்னைத்தான் சொல்வீர்கள்.

இந்த மலருக்கு ஏற்கெனவே ஒரு கட்டுரை தயாராக இருந்தது. அத்தானின் அண்ணன், எங்களுக்குப் பெரியத்தான், எழுதியது. "எந்நேரமும் பக்தி நூல்களிலேயே மூழ்கியிருந்து, அரங்கன் நாமத்தை உச்சரித்தபடியே திருவடி சேர்ந்தார்" என்று முடித்திருந்தார். அழகான வாக்கியம்தான். நடந்தது அது இல்லை. அக்கா மகன் அதைப் படித்துக் காட்டியபோது, "யாருடா இது? உங்கம்மாவா?" என்று கேட்டேன். "அப்ப நீங்களே எழுதுங்க சித்தி. ஆனா அந்தக் கடைசி நாள் மட்டும் வேணாம். சொந்தக்காரங்க முன்னாடி அசிங்கமாயிடும்" என்றான். அக்கா மோட்சத்துக்குப் போகிற வழியைக் கெடுத்தவள் நான்தான் என்று ஒரு வருஷமாகப் பேசுகிறீர்கள். ஆகவே அந்த நாளை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலர் என்பதால் அக்காவை 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் எங்களுக்குள் வாடி, போடிதான்.

அக்கா பிறந்தது துறையூரில். அப்பாவுக்கு வெங்காய மண்டி. பத்தாவது முடித்ததும் பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு போதும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தார். அத்தானின் பாத்திரக் கடை நொடித்துப்போனபோது, நகையை வைத்து கிரைண்டர் வாங்கி, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றார். ஒரு கை மாவைத் தள்ளிவிடும், இன்னொரு கையில் புத்தகம் இருக்கும். ஒருமுறை பேய்க்கதை ஒன்று அப்படியே மாவுக்குள் விழுந்துவிட்டது. அவ்வளவு மாவையும் கொட்ட வேண்டியிருந்ததைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. பேய் யாரென்று தெரியாமல் போய்விட்டதே என்றுதான் நாள் முழுக்கப் புலம்பினார். மகனைத் துவாக்குடியில் இன்ஜினீயரிங் படிக்கவைத்தது அந்த மாவுதான்.

அத்தான் போன பிறகுதான் பக்திப் புத்தகங்கள் வீட்டுக்குள் வந்தன. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஒன்று இருந்தது. புருஷன் போனவளுக்கு இனி இதுதான் துணை என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். "இனிமே இதெல்லாம் எதுக்கும்மா?" என்று பெரியத்தான் அலமாரியில் இருந்த நாவல்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பினார்.  பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா நேரே அந்தக் கடைக்குப் போனார். தன் புத்தகங்களைத் தானே எடை போட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறங்கினார். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு நாவல்களையும் பக்திப் புத்தகங்களையும் ஒரே அலமாரியில் கலந்து அடுக்கினார். "சாமி புத்தகத்தோட கொலைக்கதையை வைக்கலாமா?" என்று கேட்டவர்களுக்கு, "ஏன், சாமி கதையில கொலை இல்லையா? எண்ணிப் பாருங்க" என்று பதில் கிடைத்தது.

கொண்டுவந்து கொடுத்த பக்திப் புத்தகங்களை அக்கா ஒன்று விடாமல் படித்தார். கொடுத்தவர்களில் எத்தனை பேர் படித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். குளிப்பதற்கு முன்னாலேயே, படுத்துக்கொண்டு, வயிற்றின் மேல் பொட்டுக்கடலைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு படித்தார். "குளிக்காம தொடலாமா?" என்று பெரியத்தான் கேட்டதற்கு, "சாமிக்குக் கோபம் வராது பெரியத்தான். உங்களுக்குத்தான் வருது" என்றாராம்.

நான் இருப்பது பொன்மலையில். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். தினமும் மத்தியானம் அக்கா போன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது. எடுத்ததுமே புத்தகம்தான்.

"ஏண்டி, ஒரு மகான் சரித்திரம் படிச்சேன். ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் துறந்துட்டுக் கிளம்பிட்டாராம். சரி, போகட்டும். மறுநாள் காலையில அந்தப் பொண்டாட்டி, பிள்ளைங்களுக்கு என்ன சமைச்சுப் போட்டா? அதுக்கு ஒரு வரி இல்லைடி!"

இன்னொரு நாள் ஒரு தோத்திரப் புத்தகம். "கடைசிப் பக்கத்துல பலன் போட்டிருக்கான். கடன் தீருமாம், பிள்ளை பிறக்குமாம். எனக்கு ரெண்டும் வேணாம். சும்மா பிடிச்சுப்போய்ப் படிச்சா என்ன கிடைக்கும்னு போடலையே!"

பெண்கள் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று ஒரு சாமியார் எழுதியிருந்ததைப் போனிலேயே வாசித்துக் காட்டி அக்கா சிரித்த சிரிப்பு, பக்கத்தில் படுத்திருந்த என் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டது.

நாவல்களையும் சும்மா விடவில்லை. ஒரு கொலைக்கதையைப் பற்றி, "இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடிக்கிறானோ இல்லையோ, பக்கத்துக்குப் பக்கம் டீ குடிக்கிறான்" என்றார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே போகும் மருமகள் கதையைப் பாதியில் தூக்கிப் போட்டார்.

இதனால் அக்காவுக்குச் சாமி மேல் நம்பிக்கை இல்லை என்று யாராவது நினைத்தால் அது சுத்தப் பொய். பக்தன் வருவானா என்று சாமியே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கதையைச் சொல்லும்போது அழுகை வந்து, கதையைப் பாதியில் விட்டுப் போனை வைத்துவிட்டார். மறுநாள், "எழுதினவன் யாருக்காகவோ நெசமாவே காத்துக்கிட்டு இருந்திருக்கான்டி" என்றார். உங்களில் யாராவது பக்திப் புத்தகத்தை அப்படிப் படித்ததுண்டா? நான் படித்ததில்லை.

கடைசி வருஷம் சர்க்கரை கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தையும். எழுத்து மங்கிவிட்டது. நான் பஸ் பிடித்துப் போய்ப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஒரு நாள் சாமி, ஒரு நாள் கதை என்று அக்காவே முறை வைத்திருந்தார்.

இப்போது அந்த நாள். காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. யாரோ செல்போனில் நாமாவளியைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தார்கள். அது முடிந்து முடிந்து திரும்ப ஆரம்பித்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"அதை நிறுத்துடி. அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

எனக்கு உடனே புரிந்தது. முந்தின நாள் படித்துக்கொண்டிருந்த நாவல். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, தையல் மிஷினோடு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒருத்தியின் கதை. அவன் தேடிக் கண்டுபிடித்து அவள் வாசலில் வந்து நிற்கிறான். அங்கேதான் நிறுத்தியிருந்தோம். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்ததும் பெரியத்தான் குறுக்கே வந்தார்.

"இந்த நேரத்துல கதைப் புத்தகமா? நல்லது நாலு வார்த்தை காதுல விழட்டும். இந்தாம்மா, இதைப் படி" என்று ஒரு பக்திப் புத்தகத்தை நீட்டினார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னார். குரல் சன்னமாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று இன்று யாரும் சொல்ல வேண்டாம்.

"அதைப் படிச்சாச்சு பெரியத்தான். முடிவு தெரியும். இதுதான் தெரியலை."

யாரோ 'ஐயோ' என்றார்கள்.  எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். முடிவைத் தெரிந்துகொள்ள அவருக்கு அத்தனை அவசரம். படித்தேன். மிச்சம் இருந்த பக்கங்களை ஒன்றைக்கூடத் தாண்டாமல் படித்தேன். அந்தப் பெண் அவனோடு போகவில்லை. உட்காரவைத்து, காபி கொடுத்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். புத்தகத்தை மூடினேன். 

"காபி கொடுத்திருக்க வேண்டாம்" என்றார் அக்கா.

சிரித்தார். அப்படியே தூங்கிப்போனார். அப்புறம் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அக்கா கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான். அதைத் தலைகுனிய வேண்டிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. கூப்பிட்டபோதெல்லாம் வீட்டுக்கே வந்த டாக்டருக்கு. கடைசி மாதங்களில் அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த மாவு வாடிக்கைக்காரப் பெண்களுக்கு. புத்தகம் எப்போது திரும்பி வரும் என்று ஒரு நாளும் கேட்காத வாடகை நூலகக்காரருக்கு. ஒரு வரி குறைந்தாலும் என் கட்டுரையே வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். இது முழுசாக உங்கள் கைக்கு வந்திருந்தால், அவன் அவனுடைய அம்மா பிள்ளை. அவனுக்கும் நன்றி.

பெரியத்தானுக்கு நன்றி. அக்காவைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர் அவர்தான், இந்த வயதிலும் அம்மாமண்டபம் படித்துறை வரை வந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. நன்றியும் இருக்கிறது.

சாகக் கிடந்த அக்கா கேட்டது கதை. படித்தவள் நான். அது பாவம் என்றால் முழுக்க என்னுடையது, யாரும் எனக்காகப் பரிகாரம் செய்ய வேண்டாம். புண்ணியம் என்றால், அதிலும் உங்களில் ஒருவருக்கும் பங்கு தர மாட்டேன்.

தங்கை,
பொன்மலை