பாலத்து ஏற்றத்தில் நின்ற கார்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்த நிமோனியாவை இரண்டு வயதில் ஜெயித்தான். "கிரீஸ் கைக்கு என் பொண்ணா?" என்று கேட்ட மாமனாரை, அவருடைய ஸ்கூட்டரையே ஓட வைத்துக் கொடுத்து ஜெயித்தான். பெரிய பட்டறைகள் இருந்த தெருவில் ஒரு தகரக் கொட்டகையில் தொழில் தொடங்கினான். பிறகு அந்தப் பட்டறைக்காரர்களே தங்களுக்குப் பிடிபடாத வண்டிகளை அவனிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வதால் தெருவில் அவனுக்குப் பெயர் 'காது'. "காது இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

எழுத்தை மட்டும் அவனால் ஜெயிக்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே திரும்பத் திரும்ப உட்கார வைத்தார்கள். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது என்று அழுவான். நானும் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் எனக்கு அவை வைத்த இடத்தில் இருந்தன. அவன் கடைசியில் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டான். கையெழுத்து கேட்ட இடமெல்லாம் பெருவிரலை நீட்டினான்.

அவன் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோது, வாரத்தில் மூன்று நாள் பாலத்துக்கு அப்பால் இருக்கிற மருத்துவமனைக்கு ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. இடுப்பெலும்பு வலியால் அவளால் உட்கார முடியாது. பஸ்ஸை நினைத்தே பார்க்க முடியாது. தன்னுடைய பழைய காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப்போனான். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் பிரித்துப் புது நுரை மெத்தை வைத்தான். உறை தைத்தது நான். தையல்தான் என் தொழில்.

கொஞ்ச நாள் கழித்து, பாலத்து ஏற்றத்தில் கார் திடீரென்று பலமிழந்தது. மிதிக்க மிதிக்க இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தன. அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு பானெட்டைத் திறந்தான். எல்லாம் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பினான், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். பிளக், காயில் எல்லாம் மாற்றினான். டேங்கை இறக்கிக் கழுவினான். தனியாகப் பாலத்தில் ஏறிப் பார்த்தால் குதிரை மாதிரிப் போகிறது. பாரம்தான் காரணமோ என்று டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றினான். அப்போதும் குதிரைதான். மறுநாள் அவளைக் கூட்டிப்போனால் அதே ஏற்றத்தில் நின்றது.

எதிர்ப் பட்டறைக்காரர் கேட்டார்: "என்ன காது, சொந்த வண்டி பேசினா மட்டும் செவிடா?"



மூன்றாவது தடவையும் நின்ற அன்று, வீட்டுக்கு வந்ததும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான் ஏறினா நிக்குது, இறங்கினா ஓடுது. வண்டிக்குப் புரிஞ்சதுகூட உங்களுக்குப் புரியலையேங்க. என்னை விட்டுடுங்க. இனிமே நான் வரலை."

"இரும்புக்கு என்னடி தெரியும்?" என்று நான் சத்தம் போட்டேன்.

"அதுக்காவது தெரிஞ்சிருக்கே அண்ணி" என்றாள்.

அடுத்த முறை போகவே இல்லை. முகமும் காலும் வீங்கின. இன்னொரு முறை தவறினால் பொறுப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"அக்கா, அவ சொல்றது பொய்யில்ல."

"நீயுமாடா?"

"அவ இருந்தாத்தான் நிக்குது. காரணம்தான் வேற. மணல் மூட்டையை டிக்கியில வச்சேன். அவ டிக்கியிலயா வர்றா? எழுந்து வா. அவ படுக்கிற மாதிரியே நீ படு."

தலை இடது பக்கம், முழங்கால் மடக்கி, அவளுடைய தலையணையோடு பின்சீட்டில் படுத்தேன். பாலத்துக்கு விட்டான். ஏற்றத்தில் பாதி தூரம்கூடப் போகவில்லை, கார் இருமியது.

"எழுந்திரு!"

எழுந்தேன். எஞ்சின் சீரானது.

"படு!"

இருமியது.

"எழுந்திரு!"

"டேய், என் வயசென்ன, நீ பண்றது என்ன?"

பக்கத்தில் ஊர்ந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காருக்குள்ளேயே தண்டாலா?"

தம்பி ஓரம்கட்டிச் சீட்டைத் தூக்கினான். அதன் அடியில், டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளுகிற பம்புக்குப் போகும் ஒயரின் இணைப்பு இருந்தது. சீட்டுக் கம்பி அழுத்தி அழுத்தி அதன் ஒரு முனை தளர்ந்திருந்தது. படுத்தவரின் இடுப்பு நேராக அதன்மேல் இறங்கும். ஏற்றத்தில் உடம்பு சரியும்போது இணைப்பு விட்டுவிடும், பம்பு ஓடாது, எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. எழுந்துவிட்டால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

"இத்தனை வருஷம் அழுத்தாத கம்பி இப்ப ஏன்டா அழுத்துது?" என்று கேட்டேன்.

அவன் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "அடியில ஒரு பலகை இருந்துச்சுக்கா. மெத்தை மாத்தினப்ப நான்தான் எடுத்துப் போட்டேன். அவளுக்குக் குத்துதேன்னு."

வீட்டுக்கு வந்து, அந்தத் தளர்ந்த இணைப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டினான். நடந்ததைச் சொன்னான். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னை மெத்தையில படுக்க வைக்கப் போயி, வண்டியையும் படுக்க வச்சுட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப நான் இல்லையே?"

"நீ இல்ல. நான்."

அவன் ஒயரை ஓரமாகக் கொண்டுபோய்ப் புது இணைப்புப் போட்டான். பலகையைத் திரும்ப வைக்கவில்லை, மெத்தை மெத்தையாகவே இருந்தது. மறுநாள் அவளே எழுந்து போய்க் காரில் ஏறினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் நிற்கவில்லை. விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்து, மருத்துவமனைக் கதவு திறக்கும்வரை காருக்குள் காத்திருப்பார்கள். குளிரில் கண்ணாடி வேர்த்திருக்கும். அதில்தான் அவள் அவனுக்கு அவன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தாள். அவள் படுத்தபடியே விரலால் பெரிது பெரிதாக எழுத, அவன் பின்பக்கம் எட்டி அதன்மேலேயே எழுதுவான்.

"ஈரத்துல எறும்பு வராதுங்க, பயப்படாம எழுதுங்க" என்பாளாம்.

கார் கழுவும்போது அந்த விரல் தடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று நேராக இருக்கும், ஒன்று கோணலாக. அந்தக் கண்ணாடியை மட்டும் துடைக்காமல் விட்டுவிடுவேன்.

குளிர் முடிகிற சமயம், ஒரு காலையில் வழக்கம்போல் புறப்பட்டார்கள். ஏற்றம் வந்தால் அவன் காது முழுவதும் எஞ்சினில்தான் இருக்கும், அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. அன்றும் அது ஒரு முறைகூடப் பிசகவில்லை. உச்சியைத் தாண்டியதும், "பாலம் தாண்டிட்டோம்மா" என்றான். பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தான். மருத்துவமனை வாசலில் இறங்கிப் பின்கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

மதியம் உடலை வாங்கிக்கொள்ள அவனைக் கூப்பிட்டார்கள். நான் கூட நின்றேன். மேசையில் இருந்தவர் அவன் கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார். தம்பி அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேனா கேட்டான். கண்ணாடியில் எழுதுகிற மாதிரியே பெரிது பெரிதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். ஓர் எழுத்து கோணல். தேதியும் போடச் சொன்னார்கள். அது அவனுக்குத் தெரியாது, நான்தான் போட்டேன்: 2011, மார்ச் 17, வியாழக்கிழமை.