அரிசிப் பை மறித்த மீன்

மூன்று வருடத்துக்கு முன், நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் பிளசன்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றோடையில் நடந்தது.

என் மகள் அப்போது ஹைஸ்கூலில் படித்தாள். காலேஜ் விண்ணப்பத்தில் காட்டுவதற்காக இங்கே பிள்ளைகள் எல்லாம் பொதுச்சேவை தேடி அலைவார்கள். இவள் பிடித்து வந்தது, ஓடையைப் பராமரிக்கும் ஊர்க்காரர்கள் குழு. கூடவே வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரும் வர வேண்டுமாம். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. குளிரில், சேற்றில், காலை ஏழு மணிக்கு! காரில் ஏறும்போதே நான் திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பத்துப் பேர் இருந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவர் ஒரு பிளம்பர், என் வயதுதான் இருக்கும். சால்மன் மீன் ஓடையில் பிறந்து கடலுக்குப் போகுமாம். சில வருடம் கழித்து முட்டையிட ஓடைக்கே திரும்பி வருமாம். வாழ்நாளில் ஒரே தடவை. முட்டையிட்டதும் செத்துவிடும். வழியில் மறிபட்டால் முட்டையைச் சுமந்துகொண்டே சாகும். நான் கொட்டாவி விட்டபடி கேட்டேன்.

ஓடை வளையும் இடத்துக்கு வந்ததும் கொட்டாவி நின்றது. குறுக்கே ஒரு கல் வரிசை. அதற்குக் கீழே, என் கை நீளத்துக்கு ஒரு மீன். எகிறியது, கல்லில் மோதி விழுந்தது. மறுபடி எகிறியது. வாலோரம் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பெண் மீன், வயிறு நிறைய முட்டை என்றார் பிளம்பர்.

"எந்த மடையன் இதைக் கட்டினான்? அறிவு வேணாம்?" என்று தமிழில் கத்திவிட்டு, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலும் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மகள் மட்டும் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஸ்டாப்."

"நீ சும்மா இருடி!"

"அம்மா, ப்ளீஸ்."

பிளம்பர் தண்ணீரில் இறங்கி, கல் இடுக்கிலிருந்து மணல் அடைத்த பை ஒன்றை உருவினார். சேற்றைத் துடைத்துவிட்டு, இது உங்கள் ஊர் எழுத்தா, என்ன போட்டிருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

பொன்னி புழுங்கல் அரிசி.

செப்டம்பர் லாங் வீக்கெண்டில் ஐந்து குடும்பமாக அங்கே பிக்னிக் போயிருந்தோம். எதிர்க்கரை வழியாக வந்தோம், அப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் விளையாட ஆழம் போதவில்லை. ஆண்கள் பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி நின்று அரட்டை அடிக்க, கல்லைத் தூக்கி அடுக்கியவள் நான். தட்டு டம்ளர் கொண்டுவந்த அரிசிப் பையில் மணலை நிரப்பி இடுக்கை அடைத்தவளும் நான். சாயங்காலம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். மகளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எனக்குப் பையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. மீன் மறுபடி மோதும் சத்தம் கேட்டது.

"ரைஸ்," என்றேன். "எங்க வீட்டு ரைஸ். இதைக் கட்டினது நான்தான்."

நான் கத்திய கத்தலுக்கு நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன். பிளம்பர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டார். கட்டியவரே வந்தது நல்லதாய்ப் போயிற்று, எந்தக் கல்லை முதலில் எடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அது எனக்குத் தெரியும். நடுவில் இருக்கும் பட்டைக்கல்லைத் தொட்டால் மொத்தமும் சரிந்து மீன் மேலேயே விழும். ஓரத்திலிருந்துதான் பிரிக்க வேண்டும். இடுப்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். மற்ற மீன்கள் முட்டையிட்ட இடத்தை மிதித்துவிடக் கூடாது என்பதால், பிளம்பர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து இறங்கினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. நான் காட்டக் காட்ட ஒவ்வொரு கல்லாகக் கைமாறிக் கரைக்குப் போனது.

"யூ பில்ட் இட் டூ வெல், அம்மா," என்றாள் மகள்.

"வாய மூடிட்டுத் தூக்குடி."

வழி திறந்ததும் எல்லோரும் அசையாமல் நின்றோம். மீன் சும்மா கிடந்தது. களைத்துப் போய்விட்டதோ என்று எனக்குப் பயம். "போடி, போ," என்று முணுமுணுத்தேன். வாலால் ஒரே அடி. என் முகமெல்லாம் தண்ணீர். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அது முதுகு வெளியே தெரிய மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று! அது எங்கே ஒளிந்திருந்ததென்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. மகள் சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

இப்போது அவள் காலேஜ் போய்விட்டாள். அந்தக் குழுவில் நான் இருக்கிறேன். கோபம் குறைந்துவிட்டது என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனாலும், அகப்பட்டு நின்ற என்னிடம் சண்டைக்கு வராமல் அவர்கள் வேலையைக் கொடுத்ததால், அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக வருகிறது.