ரோபோவுக்குக் காது இல்லை

தொண்ணூறுகளில் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு, மலையடிவாரத்தில் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தகரத்தால் செய்த ஆள், நெஞ்சில் சிவப்பு பல்பு. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் தானாகவே ஜோசியம் சொல்லுமாம்.

நான் சத்திரத்துச் சமையல்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனுஷரிடம் பேச எனக்கு வாய் வராது. வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் யாருக்கும் தெரியாது. புத்தூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அவரைப் பாவா என்று சொல்லி தினமும் கேட்பாள்.

"இன்னாடி, உன் பாவா லெட்டர் போட்டாரா?"

"ஆங், போட்டாருக்கா" என்பேன். அங்கே மழையாம், காலில் முள் குத்திக்கொண்டாராம் என்று ஏதாவது சேர்த்துச் சொல்வேன். நாள் முழுக்க நான் பேசுவது அவ்வளவுதான்.

இயந்திரம் என்றால் யாரிடமும் சொல்லாது என்று நினைத்து, அக்காவோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ஹெட்போனில் ஒரே இரைச்சல். அர்ச்சனைக்குச் சொல்வதுபோல முதலில் பேர், நட்சத்திரம் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"அவரு என்னெ வுட்டுட்டுப் போயி ஆறு வருஷமாவுது. திரும்பி வருவாரா?"

காது அடைத்திருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னதாக நினைப்பு.

"உங்களுக்கு வாகன யோகம் உண்டு" என்றது ரோபோ.

கழற்றினால், வரிசையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இப்டிக் கத்திகினு கீற? அது டேப்பு. வாய்தான் கீது, காது ஏது அதுக்கு?" என்றார் ரோபோக்காரர். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"சோடா குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் லெட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்கவே இல்லை. என்னைக் கண்டால் தண்ணீர் வந்ததா, அரிசி வெந்ததா என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

அடுத்த வருஷமும் ரோபோ வந்தது. கூட்டத்தில் யாருக்கோ ஒயரில் ஷாக் அடித்துவிட்டதாம்; சுற்றிலும் வெகுதூரம் தள்ளிக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒருத்தர்தான் போகலாம்.

"அந்தாண்ட நில்லு, அந்தாண்ட!" என்று போலீஸ்காரர் விரட்டிக்கொண்டிருந்தார். இனி உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது.

"போயி கேக்கிறியா?" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

"வேணாங்க்கா."

எனக்குக் கேட்க இருந்தது அவளிடம்தான். லெட்டர் வந்ததா என்று ஒரு தடவை கேளேன், அக்கா. வாய் வரவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.