விசிறிகள் நின்ற நேரம்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு அது வராது. வாய் உண்டு, ஆனால் அது சண்டைக்கு மட்டும்தான் திறக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆகவே எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள். என் கையால் ஒரு மனிதர் சாக இருந்தார். ஆண்டவர் விடவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிச்சறுக்கு மைதானத்தில், பேட்ரோல் டீமில் நர்ஸ் வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே மூச்சு புகையாக வரும். சறுக்க வருகிறவர்கள் எங்கள் சிவப்பு ஜாக்கெட்டைத்தான் பார்ப்பார்கள். கதவு திறப்பதற்கு முன் நாங்கள் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது. சரிவு முழுவதும் நடக்க வேண்டும், வலை கட்ட வேண்டும், தொங்கு நாற்காலிகளில் பிடித்த ஐஸைச் சுரண்ட வேண்டும், அடிபட்டவரை இழுத்து வரும் ஸ்லெட்ஜைச் சோதிக்க வேண்டும். எல்லாம் முடிந்து நாங்கள் வெளியே வந்த பிறகு, பனியைத் தள்ளிச் சமப்படுத்தும் பெரிய வண்டி உள்ளே போகும்.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே போகிறவர் தன் நம்பர் போட்ட டோக்கனை வாசல் போர்டில் தன் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். போர்டு காலியானால்தான் வண்டி நகரும். அந்த டோக்கன்தான் எங்கள் உயிர்.

அந்த நாட்களில் நான் ஜெபத்தையே விட்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சவூதியில், யான்புவில் ரிஃபைனரி வேலை. அவருக்கு இந்தப் பக்கம் வேலை கிடைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் ஜெபித்தேன், கிடைக்கவில்லை. சரி, நீர் உம் வேலையைப் பாரும், நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்று ஆண்டவரிடமே முறுக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்று உங்களிடம் சொன்னதில் பாதி பொய். மன்னியுங்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பனி தயாரிக்கும் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் சாகுல் காக்கா, ஈரக் கையுறைகளை என் முதலுதவி அறை ஹீட்டர் மேல் காயப் போட்டிருந்தார். அறை முழுக்க நாற்றம். பிடித்துக் காய்ச்சினேன். காயல்பட்டினத்து மனிதர் (அங்கே அண்ணன் என்றால் காக்கா, அக்கா என்றால் ராத்தா), பொறுமைசாலி, சிரித்துக்கொண்டே எங்கேயோ போவதாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நான் காதில் வாங்கவில்லை. நான் பேசும்போது யார் பேசினாலும் என் காதில் விழாது.

வேலை முடிந்து எட்டரைக்கு வெளியே வந்தேன். குளிரிலிருந்து வந்ததும் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு நிமிடம் கண் தெரியாது, ஆவி படிந்துவிடும். துடைத்துவிட்டு எடுத்தால் என்ன? அவசரக்குடுக்கை நான், தடித்த கையுறையோடு தடவி, என் கொக்கியில் இருந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் மூக்கு ஒழுகியது. டிஷ்யூ எடுக்கப் பையில் கை விட்டேன். இரண்டு டோக்கன்கள் வந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று சாகுல் காக்காவுடையது. அவருடைய கொக்கி உடைந்திருந்ததால் என் கொக்கியில் மாட்டியிருக்கிறார்.

ஓடினேன். போர்டு காலி. வண்டி ஒரு சுற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. கையை வீசி நிறுத்தினேன். டிரைவர் பிரேம் நேபாளி, நல்ல பையன். விஷயம் கேட்டதும் ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

சரிவின் ஓரச் சுவரை ஒட்டிக் குழாய்க் குழிகள் பன்னிரண்டு உண்டு. வால்வு உறைந்தால் கெட்டிலோடு அதற்குள் இறங்கி வெந்நீர் ஊற்றுவார்கள். வண்டி தள்ளுகிற பனியெல்லாம் அந்த ஓரத்தில்தான் போய்ச் சேரும். எங்கள் கண் முன்னே ஓரம் முழுவதும் துணி தேய்த்தது மாதிரி வழவழவென்று கிடந்தது. ஒரு கால்தடம் இல்லை. வாக்கி டாக்கியில் கூப்பிட்டோம், பதில் இல்லை. குளிரில் அதன் பேட்டரி செத்துப்போவது வழக்கம்தான்.

சூப்பர்வைசர் ரவீந்திரன் அண்ணன் மன்னார்க்காரர். கத்த மாட்டார். அன்றும் கத்தவில்லை.

“பிள்ளை, அழுறதைப் பிறகு பார்ப்பம். ஆள் எந்தக் குழிக்குப் போறன் எண்டு சொன்னவர்?”

“சொன்னாரு அண்ணே. நான்தான் கேக்கல.”

நீளக் கம்பிகளை எடுத்துக்கொண்டு கீழ்க்குழியிலிருந்து குத்திப் பார்க்க ஆரம்பித்தோம். பெயர் சொல்லிக் கத்தினோம். கூரையில் குளிர்க்காற்று விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன, நாங்கள் கத்துவது எங்களுக்கே கேட்கவில்லை. விசிறியை நிறுத்தச் சொல்லி ரவீந்திரன் அண்ணன் மிஷின் ரூமுக்குப் போன் போட்டார். எடுக்க ஆளில்லை. பிரேமை அனுப்பினார். அந்த ரூம் கட்டடத்தின் மறு கோடியில் இருக்கிறது. நான் நர்ஸ். பனிக்கு அடியில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பெரிய வேதனை.

மூன்றாவது குழியில் கம்பியைப் போட்டுவிட்டு மண்டியிட்டேன். ஆண்டவரே, உம்மிடம் பேசவே எனக்கு முகம் இல்லை, ஆனாலும் வேறு யாரிடம் போவேன் என்றேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், வேலை போகட்டும், ஜெயிலுக்குப் போகிறேன், அந்த மனிதரைக் கொடுத்துவிடும் என்று கெஞ்சினேன். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, அவ்வளவுதான் ஜெபம். ஆமென் கூடச் சொல்லவில்லை.

விசிறிகள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஐந்து வருடமாக அங்கே வேலை செய்கிறேன், அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அந்த அமைதியில் டங், டங் என்று ஒரு சத்தம். குழாயில் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். மேலே, ஒன்பதாம் குழியில்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினோம். குழியின் வாய் மட்டும்தான் மூடியிருந்தது, உள்ளே குழாய்களுக்கு நடுவே காற்று கொஞ்சம் இருந்திருக்கிறது. காக்கா சுருண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம், புருவமெல்லாம் பனி. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“கெட்டில் உள்ள கெடக்கும்மா. அத எடுத்துருங்க” என்றார்.

நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது. கம்பளியில் சுற்றினோம், வெதுவெதுப்பாக இனிப்பு டீ கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாலையே அறைக்கு வந்துவிட்டார்.

பிறகு மிஷின் ரூம்காரர் விளக்கினார். விசிறிகளில் ஐஸ் பிடிக்கும், அதை உருக்க அவை அவ்வப்போது தானாக நிற்குமாம். நாங்கள் வெளியே போன பிறகு தினமும் நடப்பதுதானாம். பிரேம் போய்ச் சேரும் முன்பே நின்றுவிட்டதாம். இருக்கட்டும். தினமும் நடப்பதை வைத்தே ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னார். எனக்கு அது போதும்.

கொக்கி உடைந்ததால் வந்த விபத்து என்று எழுதிவிடலாம், உம்மை யாரும் கேட்க மாட்டினம் என்றார் ரவீந்திரன் அண்ணன். நான் சம்மதிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்காமல், பார்க்காமல் எடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், வேலை தப்பியது. இப்போது வெளியே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் வண்டி நகர்கிறது. கூப்பிடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து காக்காவின் வீட்டம்மா ஊரிலிருந்து போன் செய்தார். அவரிடம் காக்கா நடந்ததைச் சொல்லவேயில்லை, சளி பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“ஏன் ராத்தா, நீங்க நர்ஸ்தானே? எங்க வூட்டு ஆளு ரெண்டு நாளா தும்முது. ஒரு மாத்திரை குடுக்கப்படாதா?” என்று பிடித்துக்கொண்டார்.

ஊரையெல்லாம் திட்டுகிறவள் நான். அன்று வாயைத் திறக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டேன். தும்முகிறார் என்று ஒரு மனைவி குறைப்பட்டுக்கொள்கிறாள், ஆண்டவரே உமக்கு நன்றி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே கேட்டேன்.

அன்பானவர்களே, ஆண்டவரோடு முறுக்கிக்கொண்டு யாராவது இங்கே இருந்தால், அந்தக் கோபத்தோடேயே கூப்பிடுங்கள். நல்லவளான பிறகு கூப்பிடலாம் என்று நான் காத்திருந்தால் காக்கா செத்திருப்பார். என் வீட்டுக்காரர் இன்னும் யான்புவில்தான் இருக்கிறார். அதற்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும்.