ஹெட்விகாவின் துணைச்சீட்டு

நட்டாரை ஐயுறாமை அறங்களுள் அரியது. ஈகைக்குப் பெறுவார் சான்று. வீரத்துக்குக் களம் சான்று. இவ்வறத்துக்கோ சான்றில்லை. இதனைப் பூண்டவரை உலகம் ஏமாளி என்று சொல்லித் தன் வழியே போய்விடும். அதனை ஒன்பது ஆண்டுகள் பூண்டிருந்தவள் எங்கள் ப்ரெரோவ் நகரத்து ஹெட்விகா.

இரயில் நிலையத்தின் பின்தெருவில், மூன்றாம் மாடியில் அவள் வீடு. பத்தொன்பதாம் அகவையில் ஒரு காய்ச்சலுக்குக் கண்ணொளியைக் கொடுத்தவள். பின்பு உடம்பு பிடித்துவிடும் கலையைப் பயின்று, மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளாக ஊராரின் முதுகையும் இடுப்பையும் நேர் செய்துவருகிறாள். நான்கு குளிர்காலங்களாக என் இடத்தோளும் அவள் கையில்தான். இங்கே எழுதுவனவற்றுள் பெரும்பகுதி அவள் பிடித்துவிடும் மேசையில் குப்புறப் படுத்துக் கேட்டது.

அவள் கணவர் லுபோர், சிமெண்டு ஆலையில் நுரையீரலை இழந்து ஓய்வு பெற்றவர். பத்துப் படி ஏறினால் மூன்று முறை நிற்பவர். ஹெட்விகாவுக்கோ ஊர் பார்க்கும் ஆசை தீராதது. 'பார்க்கும்' என்ற சொல்லை அவள் கூசாமல் சொல்வாள்; கேட்பவர்தாம் கூசுவர்.

எங்கள் நாட்டில் பார்வையற்றவர் ஒருவர் இரயில் சீட்டு வாங்கினால், உடன் வருபவருக்கு ஒரு துணைச்சீட்டு விலையின்றிக் கிடைக்கும். நாட்டெல்லை கடந்தும் அது செல்லும். அதற்கு ஒரே நிபந்தனை: துணையாக வருபவர் துணையாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வந்தவள் யர்மிலா.

யர்மிலா மணமுறிவு பெற்றவள். சந்தைச் சதுக்கத்தில் நூலும் பொத்தானும் விற்கும் சிறுகடை வைத்திருந்தாள். ஒரே சிவப்பில் நாற்பது நூற்கண்டுகளை வேறு வேறாகப் பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு அவளுடையது. அந்நாக்கு ஹெட்விகாவுக்குக் கண்ணாயிற்று. ஆண்டுக்கு இருமுறை, மலிவான காலம் பார்த்து, இருவரும் ஏதேனும் ஓர் ஊருக்கு இரண்டு நாள் போய்வருவர். மாணவர் தங்கும் விடுதியில் அடுக்குக் கட்டில், வீட்டிலிருந்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துக் கொண்டுபோகும் இறைச்சித் துண்டு, குழாய்த் தண்ணீர். க்ராகோவில் ஒரு தேவாலயத்தின் முன் நின்று அவர்கள் பேசியதை ஹெட்விகா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"செங்கல்லுன்னா என்ன செவப்புடி?"

"சாதாச் செவப்பு இல்ல. பீட்ரூட்டை வெள்ளைத் துணில தேச்சு, ரெண்டு தடவை அலசிப் போட்ட மாதிரி."

"உனக்கு எதைப் பாத்தாலும் சமையக்கட்டுதான்."

"நூல்கண்டு கணக்குல சொன்னா புரியலைன்ன. இப்பக் காய்கறியும் வேணாம்னா நீயே பாத்துக்கோ."

இப்படிச் சொல்லி இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வழிபட நின்றவர்கள் அதட்டினார்களாம்.

ஒரு செப்டம்பர் இறுதியில் அவர்கள் திரியெஸ்தே என்னும் கடற்கரை நகருக்குப் புறப்பட்டார்கள். ஹெட்விகா கடலின் அருகே அதுவரை நின்றதில்லை. அவள் ஆறு இறைச்சித் துண்டுகளைப் பொரித்து, அலுமினியத் தாளில் பொதிந்து, யர்மிலாவின் பையில் வைத்தாள். விடியலில் ஏறியதும் ஆளுக்கொன்று தின்றார்கள். வியன்னாவில் வண்டி மாறி, நண்பகலில் பொதியை வாங்கித் தடவினாள். கைக்கு அகப்பட்டவை இரண்டு.

"நாலுல்ல இருக்கணும்?"

"பிளாட்பாரத்துல ஒரு கெழவர் பசிக்குதுன்னாரு. குடுத்துட்டேன்."

"நல்லது பண்ணின" என்றாள் ஹெட்விகா. மனமாரத்தான் சொன்னாள்.

மாலையில் திரியெஸ்தே நிலையத்தின் கற்றளத்தில் நடக்கையில்தான் அவள் அந்தக் காலடியைக் கேட்டாள். யர்மிலாவுக்கு மறுபுறத்தில், ஓர் அடி பின்னே, குறிலும் நெடிலுமாக விழும் நடை. வலக்கால் ஊன்றும், இடக்கால் இழுபடும். ஊரில் அந்நடை ஒன்றே ஒன்று. தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற ராடிம், மனைவியை இழந்தவர். இரண்டு குளிர்காலமாக ஹெட்விகாவின் மேசைக்கு வந்த இடுப்பு அவருடையது. வாயில் கற்பூரத் தைல மிட்டாய் ஒன்றை எந்நேரமும் அடக்கியிருப்பார். அந்த மணமும் வந்தது.

ஹெட்விகா தெருமுனைவரை காத்திருந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

"நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம் வருவாங்களாடி?" என்று கேட்டாள்.

"இவ்ளோ தூரம் யாரு வருவா? படி இருக்கு, பாத்து."

இரண்டு நாளும் அப்படியே கழிந்தன. சந்தையில் மூவராக நடந்தார்கள், பேசியது இருவர். ஒரு கடையில் மீன் சூப் குடிக்கையில் மூன்றாவது கரண்டியும் கிண்ணத்தில் தட்டிற்று. ராடிம் வாய் திறக்கவில்லை. இருமல் வந்தபோது கைக்குட்டைக்குள் அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள், கடலுக்குள் நீண்டு செல்லும் கல்துறையில் யர்மிலா அவளை ஒரு திண்டில் உட்கார்த்தினாள். காற்று ஆளைப் பெயர்ப்பதாய் வீசியது.

"கடல் எப்படி இருக்கு?"

"கடல்தான். நீலம்."

"நாப்பது செவப்பு சொன்னவ நீ. இதுக்கு ஒரே நீலமா?"

"காத்துல கண்ணத் தொறக்க முடியல ஹெடா. இரு, ரொட்டி வாங்கிட்டு வந்துர்றேன்."

இரண்டு காலடிகள் போயின. குறிலும் நெடிலும் அவற்றின் கூடவே போயின. கோயில் மணி இருமுறை அடித்து ஓய்ந்த பின்னும் அவள் அத்திண்டிலேயே இருந்தாள். அக்கடலை யாரேனும் தனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் பதினான்கு மணி நேரம் இரயிலில் வந்திருந்தாள்.

திரும்பி வந்த யர்மிலாவிடம் மெல்லச் சொன்னாள்: "நீ யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருந்தா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். தெரியும்ல?"

"உனக்குக் காத்தடிச்சு மூளை கலங்கிருச்சு. எந்திரி."

இதனை எனக்குச் சொல்கையில் ஹெட்விகாவின் கட்டைவிரல் என் தோளெலும்பின் கீழ் அசையாமல் நின்றது. "அவரு இடுப்பு எந்தக் கணுவுல பிசகியிருக்குன்னு எனக்குத் தெரியுங்க. கண்ணுதான் எனக்கு இல்ல. அவங்க காதும் இல்லைன்னு வெச்சிட்டாங்க. எனக்கு வேண்டியது ஒரே வார்த்தை. 'ராடிம் வந்திருக்காரு.' அவ்வளவுதான். அதை அவ சொல்லுவா, இன்னிக்கு சொல்லுவா, நாளைக்கு சொல்லுவான்னு இருந்தேன்."

திரும்பும் நாளும் வந்தது. வியன்னாவில் ஏறி, எல்லை கடந்து, ப்ரெட்ஸ்லாவ் நிலையத்தில் பணியாளர் மாறி எங்கள் நாட்டார் ஏறிய பிறகு, யர்மிலா எழுந்தாள்.

"சாப்பாட்டுப் பெட்டி வரைக்கும் போய்க் காப்பி வாங்கிட்டு வரேன்."

"எனக்கும் ஒண்ணு."

காப்பி வரவில்லை, பரிசோதகர் வந்தார். ஹெட்விகாவின் சீட்டையும் பார்வையற்றோர் அட்டையையும் பார்த்தவர் நகராமல் நின்றார்.

"உங்க துணைக்கு வந்தவங்க எங்கம்மா?"

"காப்பி வாங்கப் போயிருக்காங்க."

"எந்தப் பக்கம்? ஏன் கேக்குறேன்னா, மூணு பெட்டி தள்ளி ஒரு அம்மா துணைச்சீட்டைக் காட்டினாங்க. யாருக்குத் துணைன்னு கேட்டா, பக்கத்துல இருந்த ஒருத்தரைக் காட்டிச் சிரிச்சாங்க. அவரு என்னைவிட நல்லா பாக்குறாரு."

ஹெட்விகா அட்டையைப் பைக்குள் வைத்தாள். அவர் போய் யர்மிலாவை அழைத்துவந்தார். குறிலும் நெடிலுமாக அந்த நடையும் பின்னே வந்து, வாசலுக்கு வெளியே நின்றது. கற்பூரம் மணத்தது.

"இவங்களா உங்க துணை?"

"அவங்க பேசட்டுங்க. எனக்குக் குரல்தான் முகம்."

"ஹெடா, நான்தான். வெளையாடாத. சாருகிட்ட சொல்லிடு."

"சொல்றேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்கூட யாரு நிக்கிறா?"

இரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. அந்த ஓசை தேய்ந்து முடியும்வரை காத்திருக்க நேரம் இருந்தது என்று ஹெட்விகா சொன்னாள். அத்தனை நீளமான நேரம். பெயரைச் சொன்னால் போதும், 'ஆமாங்க, இவதான் என் துணை' என்று சொல்லிவிடும் சொற்களை நாவின் நுனியில் வைத்திருந்தாளாம்.

"யாருமில்ல" என்றாள் யர்மிலா.

"அப்ப எங்கூடவும் யாருமில்லைங்க" என்றாள் ஹெட்விகா.

பரிசோதகர் வாசலில் நின்ற மனிதரைப் பார்த்திருப்பார். இரு பெண்களையும் பார்த்திருப்பார். அவர் கேட்டது சீட்டைப் பற்றி மட்டுமே. எல்லையிலிருந்து கட்டணமும் அபராதமும் எழுதினார். "நான் கட்டிர்றேன்" என்று வெளியே ஒரு குரல் எழுந்தது. மூன்று நாளில் ராடிம் பேசிய முதற்பேச்சு அதுவே.

ப்ரெரோவில் ஹெட்விகா தனியே இறங்கினாள். வெண்கோலைத் தட்டிக்கொண்டு சுரங்கப்பாதைப் படியை நோக்கிப் போகையில் யர்மிலா பின்னால் அழைக்கவில்லை. இவளும் நின்று பார்க்கவில்லை. இருவருக்கும் வீடு ஒரே தெருவில்தான்.

ஊர் தீர்ப்பு வழங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. நிலையத்துப் பீர்க்கடையில் என் காதுபடவே பேசினார்கள்: "ஒம்போது வருசம் கையப் புடிச்சு ஊரெல்லாம் காட்டினவளை, ஒத்தை வார்த்தையில காட்டிக் குடுத்துட்டா பாரு." மற்றொருவன், "கண்ணில்லாதவங்களுக்கு மனசு மெத்துன்னு இருக்கும்னு எங்கம்மா சொல்லுவா. பொய்யி" என்றான். அந்தக் குளிர்காலத்தில் மருத்துவமனையில் ஹெட்விகாவின் பெயர் கேட்டு வந்தவர்கள் குறைந்தார்கள். ராடிமின் இடுப்பு வேறொருவர் மேசைக்குப் போயிற்று. வசந்தத்தில் அவர் யர்மிலாவின் வீட்டோடு வந்து சேர்ந்தார். மறைக்க வேண்டிய காரணம் ஒன்றும் அவர்களுக்கு இருந்ததில்லை. அதனால் எனக்கு மனம் ஆறவில்லை. பொத்தான் வாங்கும் சாக்கில் யர்மிலாவிடமே கேட்டேன்.

அவள் ஒரு பெட்டிப் பொத்தானைக் கொட்டி, அளவு பிரித்தபடி பேசினாள். "ஒம்போது வருசமா எதைப் பாத்தாலும் அடுத்த நொடி 'இதை ஹெடாவுக்கு எப்படிச் சொல்றது'ன்னுதான் ஓடும். பூ பாத்தா அவளுக்கு. மேகம் பாத்தா அவளுக்கு. என் கண்ணு எனக்கே வாடகைக்கு வந்த மாதிரி. இந்த ஒண்ணை மட்டும் யாருக்கும் சொல்லாம பாக்கணும்னு இருந்துச்சு. தப்பா?"

"அவருதான் பக்கத்துலயே நடந்தாரே. அவளுக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

"தெரிஞ்சிருக்கும்னு தெரியும்" என்றாள் யர்மிலா. "மொதல் நாள் சொல்லல. அப்புறம் சொன்னா மொத நாள் பொய்யும் சேந்து வரும். அப்படியே போச்சு. ஆறு பொத்தான் போதுமா உங்களுக்கு?"

இதனை நான் ஹெட்விகாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பின்னர்த் தோன்றியது. அவள் கைகள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

"'இதை உனக்குச் சொல்ல மாட்டேன்'னு சொல்லியிருந்தாலே போதுமே. நான் வாய மூடிட்டு மூணு பேரா நடந்திருப்பேன்" என்றாள். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அவ போனது பெருசு இல்லைங்க இப்ப. வேற ஒண்ணு ஆயிருச்சு. புடாபெஸ்டுல மழை பெஞ்சப்ப, கல்யாணப் பொண்ணு ஒருத்தி செருப்பைக் கையில புடிச்சுட்டு டிராம் பின்னால ஓடுறான்னு சொன்னா. நான் அன்னிக்கு எப்படிச் சிரிச்சேன். ஓடினாளா? தேவாலயத்தைப் பத்தி யாரை வேணா கேட்டுக்கலாம். அந்தப் பொண்ணைப் பத்தி யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அவள் என் தோளின் எண்ணெயைத் துணியால் துடைத்தாள்.

"ஒவ்வொரு ஊரா அழிஞ்சுட்டு வருது" என்றாள் ஹெட்விகா. "எனக்குக் கண்ணு ரெண்டாந்தடவை போகுது. திரும்பிப் படுங்க."

அதன்பின் அவள் எங்கும் போகவில்லை. துணைக்கு வருவதாகச் சொன்ன இருவரை மறுத்துவிட்டாள். நானும் அவருள் ஒருவன். மாலைகளில் லுபோர் சன்னலருகே உட்கார்ந்திருப்பார். வெளியே என்ன என்று கேட்டால் "பனி" என்பார்; மறுநாள் கேட்டால் "பனிதான்" என்பார். "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பாக்கவும் தெரியாது" என்று அவள் சொல்கையில், அதில் நகைப்பு எத்துணை, கசப்பு எத்துணை என்று என்னால் பிரிக்க இயலவில்லை.

எல்லார் உள்ளத்தையும் கண்ணின்றியே காணும் இறைவன், இரயில் நிலையத்துப் பின்தெருவின் அம்மூன்றாம் மாடியைக் கடைக்கணிப்பானாக. லுபோரின் மூச்சு படிதோறும் இளைக்காதிருப்பதாக. ஹெட்விகாவின் விரல்களில் வலிமையும், அவள் அடுப்பில் அனலும் குன்றாதிருப்பனவாக. அவ்வீட்டு வாயில் மணியை அழுத்துவோர் தம் பெயரைச் சொல்லி நுழைவாராக. அவ்வில்லம் நெடிது வாழ்க.