இல்லாத ஒரு பேரீச்சங்கொட்டை

போன வாரம் மகளைத் திண்டுக்கல்லுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். அவள் பல்லுக்குப் போட்டிருக்கும் கிளிப்பில் கம்பியைப் பல்லோடு பிடிக்கும் ஒரு பொட்டு பெயர்ந்துவிட்டது. எப்படிப் பெயர்ந்தது என்று டாக்டர் கேட்டார். "கரும்பு கடிச்சேன் சார்," என்றாள், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அவர் சிரித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசம். கிராம்பு மூக்கில் ஏறினால் எனக்கு ஏலக்காய் ஞாபகம் வரும். ஏலக்காய் என்றால் பழனி அடிவாரத்தில் நாங்கள் வைத்திருந்த பஞ்சாமிர்தக் கடை.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் விற்பனை, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகையில் மலைவாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் நெய்யும் கலந்து, ஈக்களுக்கே திகட்டும் அளவுக்கு மணக்கும். அப்பாவுக்கு ஒரே ஒரு பெருமைதான். எங்கள் சரக்கில் கொட்டை இருக்காது. தயங்கி நிற்கும் பக்தர்களிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

எனக்குக் கிளிப் போட்டது 2001இல், எட்டாவது படிக்கும்போது. அதுவரை பள்ளிக்கூடத்தில் என் பெயர் தேங்காய்த் துருவி. அப்பா ஒருநாள் அதைக் காதால் கேட்டுவிட்டார், அந்த வாரமே திண்டுக்கல் பஸ் ஏறினோம். டாக்டர் கம்பியை மாட்டிவிட்டு, கரும்பு, முறுக்கு, கடலை மிட்டாய், கமர்கட்டு எதையும் தொடக்கூடாது என்றார். நாங்கள் என்ன வியாபாரம் என்று தெரிந்ததும், சாப்பிடாமல் இருக்க முடியாது என்றால் நன்றாக மசித்துக் கொஞ்சமாகச் சாப்பிடு, உடனே பல் விளக்கிவிடு என்றார்.

பாட்டில் கழுவும் பிரஷ்ஷுக்குப் பிறந்த குட்டிபோல ஒரு பிரஷ்ஷும், கம்பி கன்னத்தில் குத்தினால் ஒட்டிக்கொள்ள மெழுகும் கொடுத்தார். நான் கொட்டகைக் குழாயடியில் நின்று கம்பி கம்பியாக நோண்டிக்கொண்டிருப்பதைக் காவடி தூக்கி வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு பாடுபட்டும் வாயை அடக்கத் தெரியவில்லை. முறுக்கால் இரண்டு தடவை பொட்டு பெயர்ந்தது. மூன்றாவது தடவை இப்படி வந்தால் மொத்தத்தையும் கழற்றிவிடுவேன் என்று டாக்டர் அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டார்.

தங்கம்மாக்காவைச் சொல்லாமல் அந்தக் கொட்டகையைச் சொல்ல முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு திரும்பி வந்தவர். வீடு மலைமேல் பேத்துப்பாறையில். தைப்பூச சீசனுக்கு மட்டும் கீழே இறங்கி, தங்கச்சி வீட்டில் தங்கி எங்களிடம் வேலை பார்ப்பார். பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுப்பதுதான் வேலை. கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல், கொட்டை தகர டப்பாவில் விழும், பழம் தாம்பாளத்தில் விழும். பார்க்காமலே எடுப்பார். எடுத்த பிறகு ஒருதரம் கண்ணால் பார்ப்பார்.

என் கிளிப்பைக் கேலி செய்யாத ஒரே ஆள் அவர்தான். எனக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் பேரீச்சம்பழத்தை விழுதாக மசித்துத் தனியாக எடுத்து வைப்பார். தேத்தண்ணி போடும் அடுப்பில் உப்புத் தண்ணீரும் சுட வைத்துக் கொடுத்து, கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பதின்மூன்று வயதில் கிடைப்பதெல்லாம் நமக்குச் சேர வேண்டியதுதானே.

அந்தத் தை மாதம் பொங்கல் கரும்பு கொட்டகை மூலையில் சாய்ந்து கிடந்தது. ஒரு துண்டு, கடைவாயால் கடித்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே டாக்டரானேன். பொட்டு பெயர்ந்து, கம்பி கன்னத்தைக் கிழித்துவிட்டது. வாயெல்லாம் ரத்தம். அப்பா ஓடிவந்து என்ன ஆச்சு என்றார். பக்கத்தில் அந்தக் கிண்ணம் இருந்தது.

"கொட்டை இருந்துச்சுப்பா. கடிச்சிட்டேன்."

கொட்டை எங்கே என்றார். துப்பிவிட்டேன் என்றேன். அந்தக் கிண்ணத்தை மசித்தது யார் என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நான் பயந்து உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "சாமி பேரச் சொல்லி விக்கிற சரக்கும்மா. நாளைலருந்து வர வேணாங்க," என்றார் தங்கம்மாக்காவிடம். தங்கம்மாக்கா தகர டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, காயத்தைப் பார்த்தார். "எங்கண்ணுல படலையே பாப்பா," என்றார். அப்போதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வலியால் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் கம்பியிலிருந்து ஒரு கரும்பு நாரை இடுக்கியால் உருவி எடுத்தார். அப்பா வெளியே இருந்தார். "கரும்பா?" என்றார் டாக்டர். தலையாட்டினேன். திட்டவில்லை, கழற்றவும் இல்லை. பத்தே நிமிடத்தில் ஒட்டிவிட்டார்.

திரும்பும்போது பஸ் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே அரைமணி நேரம் நின்றது. அப்பா பக்கத்திலேயே இருந்தார். சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு வேறு ஆள் வந்தது.

2009இல் எனக்குக் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பதற்குத்தான் சம்பளம். தினமும் கண்ணாடியில் என் வரிசைப் பற்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து பேத்துப்பாறைக்குப் போனேன்.

தங்கம்மாக்கா பீன்ஸ் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் ஏன் மூட்டை சுமக்கிறீர்கள் என்று கேட்டேன், பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"கண்ணு பாத்துச் செய்யுற வேலைக்கு அதுக்குப் பொறகு நான் போகல பாப்பா. புள்ள வாயக் கிழிச்ச கண்ணு. ஒங்கப்பா மேல தப்பில்ல. எங்க பல்லக் காட்டு, பாப்பம்."

காட்டினேன். வெளிச்சத்தில் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேரா வந்துருச்சு. இத்தன வருசமா அதுதான் மனசுல கெடந்துச்சு," என்றார். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். அடுத்த வாரம் வந்து சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. வேலை, கல்யாணம், குழந்தை என்று எனக்குச் சாக்குக்கா பஞ்சம்?

இப்போது பேரீச்சம்பழம் கொட்டை நீக்கியே பாக்கெட்டில் வருகிறது. எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கடைசிவரை அந்தக் கொட்டையை நம்பிக்கொண்டே அப்பா போய்விட்டார். தங்கம்மாக்கா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான்.