என் பூச்சிக்கு ஓர் இலை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடந்த கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு வாழை இலை ஆளில்லாமல் விரிந்து கிடந்தது. யாரோ வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சோற்று வாளியோடு வந்து அதிலும் இரண்டு கரண்டி வைத்தாள்.

"யாருக்குடி இது?"

"ஒங்க பூச்சிக்குத்தாங்க்கா. அது பாட்டுக்கு உள்ள ஒக்காந்து தின்னா ஒங்களுக்கு என்ன மிஞ்சும்? ரெண்டு எலையும் நீங்களே சாப்பிடுங்க."

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்த பெரியவர், பூச்சிக்கு ரசம் ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்தார்.

இது இவ்வளவு தூரம் வந்ததற்கு நான்தான் காரணம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. எனக்கு எச்ஐவி இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை; அது என் சொந்த விஷயம். மாதம் ஒரு தடவை பசறைக்கு வந்து பஸ் ஏறி, பதுளை கிளினிக்கில் மாத்திரை வாங்கி வருவேன்.

எங்கள் லயத்துக்குத் தண்ணீர் விழுவது ஒரே பீலிக் குழாயில். எனக்கு இருப்பது இன்னதென்று தெரிந்தால் அந்தப் பீலியில் என் குடத்தை வைக்க விடமாட்டார்கள். தண்ணீரால் அது தொற்றாது என்று டாக்டரே வந்து சத்தியம் செய்தாலும் விடமாட்டார்கள். யாரிடமும் கையேந்தி நிற்காதவள் நான். தண்ணீருக்கா நிற்பேன்?

அதனால் வயிற்றில் பூச்சி, பதுளையில் பார்க்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். பூச்சி மரியாதையான வியாதி. தேயிலைக்குள் வெறுங்காலோடு நடக்கிற எவளுக்கும் வரும்.

ஆனால் சாதாரணப் பூச்சிக்கு மாதா மாதம் பதுளை போவார்களா? லயத்தில் இதை யோசித்துப் பார்த்து, பூச்சியை வளர்த்துவிட்டார்கள். முதலில் ஒரு முழம் என்றார்கள். தீபாவளிக்குள் அது சேலை நீளத்துக்கு வந்துவிட்டது. மொனராகலையில் ஒரு வைத்தியர் மந்திரித்து இறக்குவாராம் என்று ஒருவர் வழி கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். நான் கொட்டாவி விட்டால் பிள்ளைகள் ஓடிவந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பெய்த மழையோடு எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பீலியிலிருந்து குடத்தைத் தூக்கி வர முடியவில்லை. கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா பெரகல பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பெண். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். ஒரு சின்னப் புட்டி கொடுத்து மலம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது முடிவு வந்திருந்தது.

"அம்மா, ஒங்க வயித்துல பூச்சி இருக்கு. கொக்கிப்புழு."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "நெசமாவா?"

"எச்ஐவின்னு சொன்னப்பகூட நீங்க இப்படி அதிரலையே!"

"அது இருந்தது எனக்குத் தெரியாது டாக்டரம்மா. இது இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

எவ்வளவு நீளம் என்று கேட்டேன். விரல் நகத்தைக் காட்டி, இவ்வளவுதான் என்றார். இதை லயத்தில் சொன்னால் என் மானம் போய்விடும்.

"ஒடம்புல காவல் ஆளுங்க இருக்காங்கம்மா," என்று அவர் விளக்கினார். "பூச்சிய எதிர்க்கிற விதம் வேற, எச்ஐவிக் கிருமிய எதிர்க்கிற விதம் வேற. பூச்சி இருந்தா ஒடம்பு அந்தப் பக்கமே சாஞ்சு நிக்கும்."

ஆயுள் முழுக்க விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், எந்த மலைக்கு யார், என்ன வேலைக்கு என்று பிரித்துவிடுவதைக் கேட்டு நின்றவள் நான். "ஆளெல்லாம் தண்ணி ஓடுற கானு வெட்டப் போயிட்டா கொழுந்து எடுக்க ஆளிருக்காது. அதுதானே?"

"கிட்டத்தட்ட அதுதான். இன்னொன்னும் இருக்கு. பூச்சி இருந்தா காவல் ஆளுங்க சும்மா இருக்க மாட்டாங்க, முழிச்சு ஓடிக்கிட்டே இருப்பாங்க. முழிச்சு ஓடுற ஆளுக்குள்ளதான் அந்தக் கிருமி லேசாப் பூந்துக்கும்."

"அப்ப தூங்குறவனுக்குக் கெடுதல் இல்லையா?"

"கொஞ்சம் கம்மி."

"எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் டாக்டரம்மா."

பூச்சியை எடுத்துவிட்டால் காவல் ஆட்கள் கூடுவார்களா என்று கேட்டேன். "சிலருக்குக் கூடுது, சிலருக்குப் பெருசா வித்தியாசமில்ல. ரத்தம் ஏறும். ஆனா எச்ஐவி மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க. மாத்திரை போட்டா கிருமி அடங்கிக் கெடக்கும், அழியாது. உள்ள ஒளிஞ்சிருக்கும். விட்டா மறுபடியும் எழும்பி வரும்," என்றார்.

பூச்சி மாத்திரையைக் கையில் வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இதுல எல்லாம் செத்துடுமா?"

"செத்துடும்மா."

"ஒன்னு ரெண்டு மிஞ்சாதா?"

"மிஞ்சினா மறுபடி மருந்து கொடுப்போம். பயப்படாதீங்க."

"மிஞ்சலன்னாத்தான் எனக்குப் பயம். பூச்சி இல்லாம நான் எதச் சொல்லிப் பதுளைக்கு வர்றது?"

பந்தி, இலை, ரசம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் முகத்தைக் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூச்சிய வச்சிருக்க விட முடியாதும்மா. ரத்தமில்லாம எங்கயாச்சும் விழுந்தீங்கன்னா, லயமே ஒங்களத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து நிக்கும்," என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. விழுங்கிவிட்டேன். ரத்தம் ஏறுவதற்கும் மாத்திரை தந்தார்.

ரத்தம் ஏறியது. பழையபடி குடத்தை இடுப்பில் வைத்து நடந்தேன். வந்தது வினை. ஒருநாள் பீலியில் எல்லார் முன்னாலும் பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, மூஞ்சி பளபளன்னு இருக்கே! பூச்சி செத்துப்போச்சா?"

நோயாளி மாதிரி முனக எனக்கு வராது. "செத்துப்போச்சு," என்றேன்.

"அப்ப இனிமே பதுளைக்குப் போக வேணாமே! மத்தவங்க பூச்சிக்கு ஒரு தடவ மருந்து எடுத்ததோட சரி, நீங்க மட்டும் எதுக்கு மாசா மாசம் போறீங்கன்னு எம் வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

தண்ணீர் என் குடத்தில் நிறைந்து வழிந்தது. அந்தக் குடம் இனி அங்கே நிற்குமா நிற்காதா என்பது என் வாயில் இருந்தது.

"ஒடம்புதான் செத்துச்சு," என்றேன். "தலை உள்ள இருக்கு."

"தலையா?"

"ஒளிஞ்சிருக்கு. மாத்திரை போட்டா அடங்கிக் கெடக்கும், அழியாது. விட்டா மறுபடியும் எழும்பி வரும். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் பதுளைக்குப் போய்த்தான் ஆகணும்."

டாக்டரம்மா சொன்னதைத்தான் சொன்னேன். எதைப் பற்றிச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"ஆத்தாடி! அதுக்குக் கண்ணு இருக்குமாக்கா?"

"தலைன்னா கண்ணில்லாமலா?"

அவள் இரண்டடி பின்னால் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் குடத்தைத் தானே தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து பீலியில் என் குடம்தான் முதலில்.

அடுத்த கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நறுக்கு இலை கிடந்தது. சோற்று வாளிக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரி தடுத்துவிட்டாள்.

"அதுக்குச் சோறு வைக்காதீங்க. வெறுந்தலை, வயிறு ஏது? பாயாசம் மட்டும் ஊத்துங்க."

ஊற்றினார்கள். அதையும் நானே சாப்பிட்டேன்.